பார்ப்போர் எழுப்பும் ஒலி: நேரடி ஒளிபரப்பிற் கட்டளை ஒலிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1. முன்னுரை

அரங்கக் கலைகள் பற்றிய எமது திறனாய்வு பெரும்பாலும் ஆடுவோரையும் ஆடப்படும் பனுவலையும் மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளது. பார்ப்போர் சிரித்தனர், கண்ணீர் விட்டனர், கரகோஷம் செய்தனர் என்ற குறிப்போடு அவர்களைப் பற்றிய ஆய்வு முடிந்துவிடுகின்றது. அவர்கள் எழுப்பும் ஒலி கலையின் விளைவாகக் கொள்ளப்பட்டதேயன்றிக் கலையின் உறுப்பாகக் கொள்ளப்பட்டது அரிது. இந்த எல்லைக்கோடு எவ்வளவு தூரம் நிலையானது என்னும் வினாவை அண்மைக்கால நேரடி ஒளிபரப்பு வழக்கமொன்று எழுப்பியுள்ளது. அவ்வழக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவர் தமது அறையிலிருந்து கணினி விளையாட்டொன்றை ஆடிக்கொண்டே அதனை இணையவழி நேரடியாக ஒளிபரப்புகின்றார். திரையின் ஓரத்தே, சாட் எனப் பொதுவாக வழங்கும் அரட்டைப் பத்தியில், பார்ப்போர் எழுதும் வரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்களுள் ஒருவர் ஓர் ஆச்சரியக்குறியையும் அதனை அடுத்து ஒரு சொல்லையும் தட்டச்சிடுகின்றார். மறுகணம் ஒளிபரப்புபவரின் அறையிலே ஊதுகுழல் முழங்குகின்றது. அல்லது வயலின் சோகமாக இழைகின்றது. அல்லது எவரோ அலறுகின்றார். ஒளிபரப்புபவர் திடுக்கிடுகின்றார், சிரிக்கின்றார், சில வேளைகளிற் சினக்கின்றார். அந்த ஒலியும் அதற்கு அவர் காட்டும் எதிர்வினையும் ஒளிபரப்பின் பகுதிகளாகி எல்லோரையும் சென்றடைகின்றன.

இவ்வழக்கம் பற்றி இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. பார்ப்போன் வெறும் நுகர்வோனாக இருந்த காலம் முடிவுற்றது. அவன் இப்பொழுது ஆக்குவோருள் ஒருவன் என்பது ஒரு சாரார் கருத்து. இது சிறுபிள்ளை விளையாட்டு. கவனத்தைச் சிதைக்கும் இரைச்சலைத் தவிர இதில் ஆராய எதுவுமில்லை என்பது மறுசாரார் கருத்து. முன்னையது ஆர்வ மிகுதியாலும் பின்னையது அலட்சியத்தாலும் உண்மையின் ஒரு கூற்றையே காண்கின்றன. ஒலியை எழுப்பும் உரிமை எவரிடமிருந்து எவருக்குச் சென்றது, அவ்வுரிமை எவ்விலைக்குக் கிடைக்கின்றது, அதனை நிறுத்தும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாது இவ்வடிவத்தை மதிப்பிட முடியாது என்பதே எமது துணிபு.

2. தோற்றமும் தொழிற்பாடும்

நேரடி ஒளிபரப்புத் தளங்களுள் இவ்வழக்கம் வேரூன்றி வளர்ந்த இடம் ருவிச் ஆகும். 2007 இல் தொடங்கப்பட்ட ஜஸ்டின் ரி.வி. என்னும் தளத்திலிருந்து கணினி விளையாட்டுக்கெனத் தனியாகப் பிரிந்து 2011 ஜூனில் அது தோன்றியது. 2014 ஓகஸ்டில் அமேசன் நிறுவனம் ஏறத்தாழ 97 கோடி அமெரிக்க டொலருக்கு அதனை வாங்குவதாக அறிவித்தது. மூன்றே ஆண்டுகளில் இத்துணைப் பெறுமதியை அது ஈட்டியமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, படத்துக்குப் பக்கத்திலே பேச்சை வைத்தமையாகும். படம் மட்டும் காட்டும் தளமாயின் அது தொலைக்காட்சியின் மற்றொரு வடிவமாகவே நின்றிருக்கும்.

அந்த அரட்டைப் பத்தியின் தொழில்நுட்பம் ஐ.ஆர்.சி. எனப்படும் பழைய முறையின் வழிவந்தது. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினென் என்பவர் 1988 இல் உருவாக்கியது அது. எழுத்தால் உரையாடுவதற்கென அமைந்த அம்முறையிலே மனிதரோடு மனிதராகத் தானியங்கி நிரல்களும் பெயர் கொண்டு உலவின. அவற்றை அழைப்பதற்கு வரியின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி இடும் வழக்கம் அங்கேயே பரவிவிட்டது. இன்று ஒலியை எழுப்பும் கட்டளையும் அதே முறையிலேதான் இயங்குகின்றது. பொட் எனப்படும் நிரல் ஒரு பார்வையாளரைப் போலவே அரட்டையினுள் அமர்ந்து ஒவ்வொரு வரியையும் வாசிக்கின்றது. ஆச்சரியக்குறியோடு தொடங்கும் சொல் தன் பட்டியலில் உள்ளதா, எழுதியவருக்கு அவ்வுரிமை உண்டா, இதே ஒலி முன்னர் எழுந்து போதிய நேரம் கழிந்துள்ளதா என்று பார்க்கின்றது. யாவும் பொருந்துமாயின் ஒளிபரப்புபவரின் கணினியில் உள்ள ஒலிக்கோப்பை இயக்குகின்றது. 2012 இல் வெளிவந்து இன்று பரவலாகக் கையாளப்படும் ஓ.பி.எஸ். போன்ற மென்பொருள் அதனைக் குரலோடும் விளையாட்டின் ஒலியோடும் கலந்து அனுப்புகின்றது.

இத்தொழிற்பாட்டைச் சற்று விரிவாகக் கூறியமைக்குக் காரணம் உண்டு. பட்டியலை வகுப்பவர் ஒளிபரப்புபவர். ஒலிகளைத் தெரிபவரும் அவரே. இரு ஒலிகளுக்கிடையே எத்தனை விநாடி கழியவேண்டும் என்று விதிப்பவரும் அவரே. பார்ப்போர் சொல்லும் சொல் ஏற்கெனவே அவருக்கென எழுதி வைக்கப்பட்ட சொல்லாகும். ஆகவே, பார்ப்போர் ஆக்குவோராகிவிட்டனர் என்னும் கூற்று இத்தொடக்க நிலையிலேயே திருத்தம் வேண்டி நிற்கின்றது. எனினும் தெரிவுக்கு உட்பட்ட சொற்களால் எதுவும் புதிதாகக் கூறவியலாது என்று கொள்வதும் தவறாகும். அற்பமான தோல்வியொன்றுக்குச் சோக வயலினை இசைக்க வைப்பவர் அந்த வயலினை ஆக்கவில்லை. ஆனால் தோல்வியின் அற்பத்தன்மையை உணர்த்தும் அங்கதத்தை அவரே ஆக்கியுள்ளார். இங்கு ஆக்கம் என்பது ஒலியில் இல்லை, அதனை வைக்கும் தருணத்தில் உள்ளது. இவ்வேறுபாடு பின்னர் ஆராயப்படும்.

3. முன்னோடி வடிவங்கள்

பார்ப்போர் ஒலி எக்காலத்தும் தன்னியல்பானதாக இருந்தது என்று எண்ணுவது வரலாற்றுக்கு முரணானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் அரங்குகளில் கூலிக்குக் கைதட்டும் குழுவினர் இருந்தனர். 1820 இல் இதற்கெனவே ஒரு முகவர் நிலையம் நிறுவப்பட்டது. கைதட்டுவோர் மட்டுமன்றிச் சிரிப்பதற்கெனச் சிலரும், அழுவதற்கெனப் பெண்கள் சிலரும், மீண்டும் பாடுமாறு குரலெழுப்புதற்கெனச் சிலரும் அமர்த்தப்பட்டனர். இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1852 இல் வெளியிட்ட தமது நூலில் இவர்களை எள்ளி நகையாடினார். உணர்ச்சி வகைக்கு ஓர் ஆளாக ஒலி பட்டியலிடப்பட்டிருந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. இன்றைய கட்டளைப் பட்டியலின் அமைப்பு அங்கே தோன்றிவிட்டது. ஆயின் அதன் உரிமை அரங்க உரிமையாளரிடமும் நடிகரிடமும் இருந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சி அவ்வாட்களையும் வேண்டாவெனத் தள்ளியது. 1950களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியியலாளர் தட்டச்சுப் பொறி போன்ற விசைகளைக் கொண்ட ஒரு கருவியை அமைத்தார். ஒலிநாடா வளையங்களிற் பதிவாகியிருந்த சிரிப்புக்களை விசையை அழுத்தி வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் எழுப்ப முடிந்தது. அக்கருவியை அவர் பூட்டி வைத்திருந்தார். அதன் உட்புறத்தைப் பிறர் காண அனுமதித்திலர். என்றோ எங்கோ சிரித்த மனிதரின் சிரிப்பு அவர்கள் என்றும் காணாத நாடகங்களுக்குப் பொருத்தப்பட்டது. பார்ப்போரின் ஒலி அவர்களிடமிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டு ஒருவரின் பெட்டிக்குள் அடங்கியது.

இக்கருவியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி எமது ஆய்வுக்கு மிக வேண்டியது. 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான மாஷ் என்னும் தொடர் கொரியப் போர்க்களத்து மருத்துவமனையைப் பற்றியது. தொலைக்காட்சி நிறுவனம் சிரிப்பொலி வேண்டுமென்றது, தயாரித்தோர் வேண்டாவென்றனர். ஈற்றில், சத்திரசிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி இடம்பெறாது என்று இணக்கம் காணப்பட்டது. எங்கே ஒலி எழலாம் என்ற வினாவிலும் எங்கே எழலாகாது என்ற வினாவே கலையின் அறத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். இதற்கு நாம் மீண்டும் வருவோம்.

இவற்றுக்கு நேர்மாறான மரபுகளும் உள. யப்பானியக் கபுக்கி அரங்கிலே, மேடைக்கு மிகத் தொலைவிலுள்ள மேலிருக்கைகளில் அமர்ந்த தேர்ந்த பார்ப்போர் நடிகரின் குலப்பெயரை உரத்து விளிப்பர். நடிகர் ஒரு நிலையில் உறைந்து நிற்கும் கணத்தில், வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடைப்பட்ட சிறு வெளியில், அவ்விளி விழவேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் அது குற்றமாகும். இதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். இவ்வொலி கூலிக்கு எழுந்ததன்று, பெட்டியில் அடைபட்டதுமன்று. அது ஆட்டத்தின் உறுப்பாகவே ஏற்கப்பட்டுள்ளது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஓகஸ்டில் தோக்கியோவின் கபுக்கி அரங்கு மீளத் திறக்கப்பட்டபோது இவ்விளி தடைசெய்யப்பட்டிருந்தது. அரங்கின் ஓர் உறுப்பு தற்காலிகமாக ஒடுங்கியது என்றே அதனைக் கூறவேண்டும்.

யமேக்காவின் இசைக்கூடல்களிற் கூட்டத்தினர் ஊதுகுழலை முழக்கியும் கூச்சலிட்டும் இசைத்தட்டை மீண்டும் தொடக்கத்திலிருந்து இசைக்குமாறு கோரும் வழக்கம் உண்டு. கூட்டத்தின் ஆணைக்கு இசைத்தட்டை இயக்குபவர் பணிவார். பின்னர் அதே ஊதுகுழலொலி பதிவு செய்யப்பட்டு இயக்குபவரின் பொத்தானாயிற்று. அமெரிக்க வானொலிகளிலும் ஒலித்தது. ஈற்றில் இணையத்து நகைச்சுவைத் துணுக்குகளில் ஒன்றாகி இன்று கட்டளைப் பட்டியல்களில் மிகப் பரவலாகக் காணப்படும் ஒலிகளுள் ஒன்றாக விளங்குகின்றது. மக்களின் ஒலியாகப் பிறந்து, பொறியாளரின் ஒலியாக மாறி, மீண்டும் மக்களுக்குப் பொத்தான் வடிவிற் கிடைத்துள்ளது. கிடைத்தது அதே ஒலியாயினும் அதே உரிமை அன்று. யமேக்காக் கூட்டம் ஊதியபோது இசைத்தட்டு மீளச் சுழன்றது. அரட்டையில் ஊதுவோருக்கு அத்தகைய ஆணையதிகாரம் இல்லை. இவ்வொரு சிறு ஒலியின் வரலாறு எமது வினாவைத் தெளிவாக முன்வைக்கின்றது.

4. காலம் பிந்திய ஒலி

கட்டளை ஒலியை முன்னோடி வடிவங்களிலிருந்து வேறுபடுத்தும் முதன்மையான பண்பு அதன் தாமதமாகும். நேரடி ஒளிபரப்பு என்று வழங்கினும், ஒளிபரப்புபவரின் அறையில் நிகழ்வது பார்ப்போரின் திரையை அடையச் சில விநாடிகள் செல்கின்றன. ஆனால் பார்ப்போர் எழுதும் கட்டளை அவரது அறையை ஏறத்தாழ உடனடியாக அடைகின்றது. இதனால் விளைவது யாதெனின், பார்ப்போர் கண்டு ஒலியெழுப்பும் நிகழ்ச்சி அவருக்கு ஏற்கெனவே கடந்த நிகழ்ச்சியாகின்றது. விளையாட்டிலே அவரது வீரன் மடிந்ததைக் கண்டு ஒருவர் சோக வயலினை ஏவுகின்றார். வயலின் ஒலிக்கும் வேளையில் அவ்வீரன் மீண்டும் எழுந்து ஓடிக்கொண்டிருக்கின்றான். தமது ஒலியைத் தாமே கேட்பதற்கு ஏவியவரும் மேலும் சில விநாடிகள் காத்திருக்கவேண்டும்.

கபுக்கியின் விளியோடு இதனை ஒப்பிடுக. அங்கே கணம் தவறினால் விளி பிழையாகும். இங்கே கணம் தவறுவதே விதி. ஆகவே இவ்வொலி செயலோடு இயைந்து ஒலிக்கும் பின்னணி ஒலியாதல் இயலாது. நாடகத்தில் இடியொலி மின்னலோடு சேர்ந்து எழுந்து காட்சியை விளக்கும். கட்டளை ஒலி காட்சி முடிந்தபின் வந்து சேர்ந்து, அதன்மேல் கூறப்படும் கருத்துரையாகின்றது. ஒளிபரப்புபவர் அதனைக் கேட்டதும், இது எதனைக் குறிக்கின்றது என்று ஒரு கணம் சிந்திக்கின்றார்; 'அதற்கா சிரிக்கிறீர்கள்?' என்று வினவுகின்றார். அவ்வினாவிலிருந்து புதியதொரு பேச்சு தொடங்குகின்றது. ஒலிவிளைவு என்று நாம் பழக்கத்தால் வழங்கும் இது உண்மையில் விளைவு அன்று. அடுத்த செயலுக்குக் காரணமாகும். இதனை இரைச்சல் எனத் தள்ளுவோர் கவனிக்கத் தவறும் கூறு இதுவே.

எமது மரபிலுள்ள மெய்ப்பாட்டுக் கொள்கையைக் கொண்டு இதனை நோக்குதல் பயனுடையது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட இளம்பூரணர் செயிற்றியனார் கருத்தை எடுத்துக்காட்டுகின்றார். ஆடுவோனிடத்து நிகழ்வது காண்போரிடத்துச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். திசை தெளிவானது: மேடையிலிருந்து அவைக்கு. அச்சமூட்டும் விளையாட்டொன்றை ஒளிபரப்பும்போது பார்ப்போர் அலறலொலியை ஏவும் வழக்கத்தை இக்கொள்கையோடு பொருத்தினால் திசை தலைகீழாவதைக் காணலாம். அச்சத்துக்கு ஏதுவான பொருளைப் பார்ப்போர் அளிக்கின்றனர். அச்சம் ஆடுவோனின் உடலில் நடுக்கமாகத் தோன்றுகின்றது. அதனைக் கண்டு பார்ப்போருக்கு விளைவது அச்சமன்று, நகை. அவை ஆடுகின்றது, ஆடுவோன் சுவைக்கப்படும் பொருளாகின்றான் எனின் மிகையாகாது. அந்நடுக்கம் நடிப்பன்று என்ற நம்பிக்கையே பார்ப்போரின் மகிழ்ச்சிக்கு அடிப்படை. நாள்தோறும் பல மணிநேரம் திடுக்கிடுவது ஒரு தொழிலாகும்போது அது நடிப்பாக மாறாதிருக்குமா என்பது வேறு வினா.

பிறெக்ற் 1932 இல் வானொலி பற்றி எழுதிய சிந்தனை இத்தகைய ஆய்வுகளிற் பெரிதும் நினைவுகூரப்படுவதுண்டு. வானொலி விநியோகிக்கும் கருவியாக மட்டும் இருத்தல் ஆகாது. கேட்போரைப் பேசவும் வைக்கும் தொடர்பாடற் கருவியாக அது மாறவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். அக்கனவு இன்று நனவாயிற்று என்று கூறுவோர், 1929 இல் பாடன் பாடனில் அரங்கேறிய அவரது லிண்ட்பேர்க்கின் பறப்பு என்னும் வானொலிப் படைப்பையும் நினைத்தல் வேண்டும். அதிலே நீரின் ஒலி, இயந்திரத்தின் ஒலி, இயற்கைச் சக்திகளின் பாடல் ஆகியவற்றைக் கருவி வழங்கும். கடலைக் கடக்கும் விமானியின் பகுதியைக் கேட்போன் ஏற்றுப் பேசியும் பாடியும் பயிலவேண்டும். கேட்போன் மனிதனின் இடத்தில் நின்று உழைப்பையும் துணிவையும் கற்பதே நோக்கம்.

கட்டளை ஒலி இவ்வமைப்பை மறுதலையாக்கியுள்ளது. இங்கே புயலின் பகுதியைக் கேட்போர் ஏற்றுள்ளனர். தனித்து நின்று பறக்கும் விமானி கருவியின் மறுபுறத்தில் உள்ளான். கேட்போருக்குக் குரல் கிடைத்தது உண்மை. ஆயின் கிடைத்தது மனிதக் குரல் அன்று. இடியும் காற்றும் போன்ற குரலே கிடைத்துள்ளது. பிறெக்ற் வேண்டியது இதுவெனக் கொள்ளல் அவரைக் குறைத்துக் காண்பதாகும்.

5. கூட்டமும் தனியாளும்

பார்ப்போரின் தொகைக்கேற்ப இவ்வடிவத்தின் பொருள் மாறுகின்றது. ஹமில்டன், கரெற்சன், கேர்ன் ஆகியோர் 2014 இல் வெளியிட்ட ஆய்வு, ருவிச் தளத்துச் சிறு ஒளிபரப்புக்களைச் சுற்றி ஒருவரையொருவர் அறிந்த சமூகங்கள் உருவாதலையும், கூட்டம் பெருகியதும் அரட்டை வாசிக்க இயலாத வேகத்தை அடைந்து உரையாடல் குலைதலையும் காட்டியது. 2017 இல் கொலின் போர்ட் முதலியோர் இதற்குச் சற்று மாறான கருத்தை முன்வைத்தனர். பெருங்கூட்டத்தின் அரட்டை பொருளற்ற வெள்ளம் போலத் தோன்றினும், ஒரே குறியையும் ஒரே தொடரையும் திரும்பத் திரும்ப இடுதலால் கூட்டத்துக்கே உரிய ஒரு பேச்சுமுறை அங்கே உருவாகின்றது என்பது அவர்கள் முடிபு. இரண்டும் உண்மையே. சிறு அவையில் ஆள் பேசுகின்றார். பேரவையில் கூட்டம் பேசுகின்றது.

கூட்டத்தின் கட்டளை எத்தகையது என்பதற்கு 2014 பெப்ரவரி 12 ஆம் நாள் தொடங்கிய 'ருவிச் போக்கிமொன் ஆடுகின்றது' என்னும் பரிசோதனை தலைசிறந்த எடுத்துக்காட்டாகும். பெயர் வெளியிடாத அவுஸ்திரேலிய நிரலாளர் ஒருவர், ஒரே விளையாட்டைப் பார்ப்போர் யாவரும் அரட்டைக் கட்டளைகளால் இயக்குமாறு அமைத்தார். 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்கேற்றனர். ஒருவர் மேலே என்பார், மற்றவர் கீழே என்பார். வீரன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். பின்னர் வாக்கெடுப்பால் அடுத்த அசைவைத் தீர்மானிக்கும் மக்களாட்சி முறை புகுத்தப்பட்டபோது, பலர் அதனை எதிர்த்து விளையாட்டை மீண்டும் மீண்டும் இடைநிறுத்தும் கட்டளையை இட்டு மறியல் செய்தனர். ஒழுங்கு விரைவைத் தரும். ஆயினும் தாம் விரும்புவது ஒழுங்கின்மையையே என்று அவர்கள் கூறினர் எனலாம். தற்செயலாகப் பலமுறை தெரிவான ஒரு சங்குப் புதைபடிவத்தை அவர்கள் வேடிக்கையாகத் தெய்வமாக்கிக்கொண்டனர். பதினாறு நாள்களின் பின், மார்ச் 1 ஆம் நாள், விளையாட்டு வெற்றியுடன் முடிந்தது.

இதனோடு ஒப்பிடுகையில் ஒலிக்கட்டளையின் இயல்பு தெளிவாகின்றது. போக்கிமொன் கட்டளை நிகழ்ச்சியின் போக்கை மாற்றியது. ஆனால் அதனை இட்டவர் பெருங்கூட்டத்துள் மறைந்தார். ஒலிக்கட்டளை விளையாட்டின் போக்கை நேரே மாற்றுவதில்லை. ஆனால் அதனை இட்டவர் மறைவதில்லை. இருபது பேர் கூடிய ஒளிபரப்பில் வாத்தின் குரல் எழுந்ததும், இன்னார் வந்துவிட்டார் என்று ஒளிபரப்புபவர் முகமன் கூறுவதைக் காணலாம். ஓர் ஒலி ஓர் ஆளின் கையொப்பமாகிவிடுகின்றது. எழுதத் தயங்குவோருக்கும், ஒளிபரப்பின் மொழியைச் சரளமாக அறியாதோருக்கும் அவையிற் புகுவதற்கு இது முதற்படியாக அமைகின்றது. இம்மனிதப் பயனை, இவ்வடிவத்தை எள்ளுவோர் கணக்கிற் கொள்வதில்லை. அதே கட்டளை பல்லாயிரவர் கூடிய ஒளிபரப்பில் எழும்போது கையொப்பம் அழிந்து, ஓயாத முழக்கமாகின்றது. ஆகவே இவ்வடிவம் நல்லதா தீயதா எனப் பொதுப்படக் கேட்பதிலும், எத்துணைப் பெரிய அவையில் எனக் கேட்பதே தகும்.

6. விலையும் வரம்பும்

கூட்டம் பெருகும்போது முழக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழி யாது? இருவகை வழிகள் கையாளப்பட்டுள்ளன. ஒன்று காலம்: ஓர் ஒலிக்கும் மறு ஒலிக்குமிடையே கட்டாய இடைவெளி. மற்றது விலை. ருவிச் தளம் 2016 இல் பிட்ஸ் என்னும் மெய்நிகர் நாணயத்தை அறிமுகப்படுத்தியது. பார்ப்போர் அதனைப் பணம் கொடுத்து வாங்குவர். ஒளிபரப்புபவருக்கு ஒரு பிட்டுக்கு ஓர் அமெரிக்கச் சதம் சேரும். 2019 டிசம்பரில் வேறொரு முறை வந்தது. ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகப் புள்ளிகள் சேரும். அவற்றைச் செலவிட்டு ஒலியெழுப்பலாம். முன்னையதில் விலை பணம். பின்னையதில் விலை வாழ்நாளின் நேரம்.

விலை வைத்ததை முற்றாகக் கண்டிப்பதும் நேர்மையாகாது. ஒளிபரப்புபவர் உழைக்கின்றார், அவருக்கு வருவாய் வேண்டும். விலை இருத்தலால் ஒலி அருகுகின்றது. அருகுதலால் அதன் தருணத்தைத் தெரிவோர் சிந்தித்துத் தெரிகின்றனர். எனினும் விலை மற்றொரு மாற்றத்தையும் கொணர்கின்றது. இலவசக் கட்டளையை இட்டவரிடம் 'இப்பொழுது வேண்டாம்' என்று கூறுதல் எளிது. பணம் கொடுத்தவரிடம் அவ்வாறு கூறுதல் அரிது. இடையூறு செய்யும் உரிமை விற்பனைப் பொருளாகும்போது, இடையூற்றைத் தாங்குவது விற்போரின் கடமையாகிவிடுகின்றது. பாரிஸ் அரங்கில் ஒலியெழுப்புவோர் கூலி பெற்றனர். இங்கு ஒலியெழுப்புவோர் கூலி கொடுக்கின்றனர். பணம் பாயும் திசை மாறியுள்ளதேயன்றி, அவையின் உணர்ச்சிக்கும் பணத்துக்கும் இடையிலான தொடர்பு அற்றுவிடவில்லை.

இதனிற் கொடிய ஆபத்தும் உண்டு. 2021 ஓகஸ்டில், கறுப்பின ஒளிபரப்பாளர்களையும் பாற்சிறுபான்மையினரையும் குறிவைத்து, தானியங்கிக் கணக்குகள் அவர்களது அரட்டைப் பத்திகளை வசைமொழிகளால் நிரப்பின. தளம் தங்களைப் பாதுகாக்கத் தவறியது என்று முறையிட்டோர் அவ்வாண்டு செப்ரெம்பர் 1 ஆம் நாள் ஒளிபரப்பாது ஒரு நாள் புறக்கணிப்பு நடத்தினர். அரட்டையை வாசியாது விடலாம். திரையின் அப்பகுதியை மூடிவிடலாம். காதை அவ்வாறு மூடுதல் இயலாது. எழுத்தை ஒலியாக மாற்றும் கட்டளைகள் அரட்டையின் நஞ்சை நேரே ஒருவரின் அறைக்குள் கொணர்ந்து அவரது ஒளிபரப்பிலேயே ஒலிக்கச் செய்யவல்லன. திறந்த கதவு விருந்தினருக்கும் பகைவருக்கும் ஒன்றே. ஆதலின் ஒரே விசையில் எல்லாக் கட்டளைகளையும் நிறுத்தும் ஏற்பாடு இல்லாத ஒளிபரப்பு, தொழில்நுட்பத்தில் எத்துணைச் சிறந்ததாயினும், குறையுடையதே.

பார்ப்போர் பக்கத்தையும் மறத்தலாகாது. செவிப்பொறி அணிந்து கேட்போருக்கு எதிர்பாராத பேரொலி துன்பம் தரும். திடீரொலியைத் தாங்க இயலாத இயல்பினர் உளர். செவிப்புலன் குன்றியோருக்கோ ஒலியின் பெயர் திரையில் எழுத்தாகத் தோன்றாதவிடத்து, அவையினர் யாவரும் ஏன் சிரித்தனர் என்பதே விளங்காது. ஒலியளவைச் சமப்படுத்துதலும் ஒலியின் பெயரைத் திரையிற் காட்டுதலும் எளிய செயல்கள். அவையில் எவருக்கு இடமுண்டு என்பதை அவை தீர்மானிக்கின்றன.

மாஷ் தொடரின் சத்திரசிகிச்சைக் கூடம் இவ்விடத்தே மீண்டும் நினைவுக்கு வருகின்றது. ஒளிபரப்பு எப்பொழுதும் விளையாட்டாகவே இருப்பதில்லை. ஒருவர் தமது இழப்பைப் பற்றி, நோயைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றார். அக்கணத்தில் ஊதுகுழல் முழங்கலாம். முழங்கின், தாமதத்தால் நேர்ந்த விபத்தா, அறியாது செய்ததா, வேண்டுமென்றே செய்ததா என்பதைக் கேட்போர் பிரித்தறிய முடியாது. தயாரிப்பாளர் ஒருவரே ஒலியைக் கையாண்ட காலத்தில் அவருடன் வாதாடி ஒரு காட்சிக்கு மௌனம் பெற முடிந்தது. இன்று அம்மௌனம் அவையிலுள்ள ஒவ்வொருவரின் சம்மதத்தில் தங்கியுள்ளது. பலர் ஒலியெழுப்ப வல்லோராயிருந்தும் எவரும் எழுப்பாதிருக்கும் அத்தகைய கணங்கள் நிகழ்கின்றன. ஒரு கூட்டம் சமூகமாகிவிட்டது என்பதற்கு அதனிலும் சிறந்த அடையாளம் வேறில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கட்டளை ஒலி பார்ப்போரை ஆக்குவோராக்கியது என்ற கூற்றும், அது வெறும் இரைச்சல் என்ற கூற்றும் ஏற்றற்பாலன அல்ல என்பது புலனாகும். பட்டியல் ஒளிபரப்புபவருடையது, விலை பெரும்பாலும் தளத்தின் விதிக்கு உட்பட்டது, ஆயின் தருணம் பார்ப்போருடையது. தருணத்தைத் தெரிதலும், தெரியாது அடங்கியிருத்தலும் அவர்களது கலை. அக்கலையே இங்கு திறனாய்வுக்குரிய பொருளாகும். ஒலிகள் எத்தனை, அவை எத்துணை வேடிக்கையானவை என்று எண்ணுவதால் பயன் சிறிதே.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். 2020 ஒக்ரோபரில் பதிப்புரிமை அறிவித்தல்கள் பெருந்தொகையாக வந்தபோது, ஒளிபரப்பாளர் பலர் தமது பழைய பதிவுகளை மொத்தமாக அழித்தனர். ஏனைய பதிவுகளையும் தளம் குறித்த நாள்களுக்கே பேணுகின்றது. எஞ்சும் பதிவுகளிலும் ஒலி இருக்கும். அதனை ஏவியவரின் வரி பல வேளைகளில் இராது. எவர், எதனைக் கண்டு, எக்கணத்தில் ஏவினார் என்ற செய்தி இல்லாதவிடத்து அவ்வொலி பொருளற்ற முழக்கமாகவே வருங்காலத்தாருக்குக் கேட்கும். கூத்தாடியோரின் பெயர்களைப் பேணிய நாம் கூத்துப் பார்த்தோரின் குரலைப் பேணவில்லை. இவ்வடிவத்திலேனும் ஒலியையும் அரட்டையையும் சேர்த்துப் பதிந்து பேணும் முயற்சி இப்பொழுதே தொடங்கப்படல் வேண்டும். அது நிகழாவிடின், இரைச்சல் என்று இதனைத் தள்ளியோர் கூற்றே சான்றின்மையால் வென்றதாகிவிடும்.